ஊர்ப் பத்திரிகையில் ஒரு தீவு



துருக்கியின் தென்கரையில் அனமூர் என்றொரு ஊர் இருக்கிறது. வாழைத் தோப்புகளுக்குப் பேர்போன ஊர். அதன் கரையிலிருந்து சைப்ரஸ் தீவு சுமார் 70 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்த நாளில் மலைச்சரிவில் ஏறி நின்றால் தீவின் முகடுகள் கண்ணுக்குத் தெரியும். அதே நாட்டின் கிழக்குக் கோடியில், அன்றைய சோவியத் எல்லையை ஒட்டி, கார்ஸ் நகரம். அங்கிருந்து சைப்ரஸ் ஆயிரம் கிலோமீட்டர். 1955 முதல் 1974 வரை இந்த இரண்டு ஊர்களிலும் பத்திரிகையை விரித்தவர்கள் சைப்ரஸைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே சொற்களில் படித்தார்கள். ஒன்று பக்கத்து வீட்டுச் செய்தி, மற்றொன்று தூர தேசத்துச் செய்தி. இரண்டும் எப்படி ஒன்றாயின? இன்றைய என் பேச்சு அதைப் பற்றித்தான்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில், செய்தி மேசையில் முப்பது ஆண்டு உட்கார்ந்தவன். தலைநகரிலிருந்து டெலிபிரிண்டரில் வரும் நீளக் காகிதத்தைக் கிழித்துத் தலைப்புப் போட்டு அச்சுக்கு அனுப்பிய கை இது. அதனால் துருக்கியின் சிற்றூர்ப் பத்திரிகைக்காரரை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் போவதில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

தீவின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1571 முதல் ஒட்டோமான் ஆட்சி. 1878-இல் நிர்வாகம் பிரிட்டன் கைக்குப் போனது. மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு நெருக்கமாகக் கிரேக்கர். துருக்கியர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 1955 ஏப்ரல் 1-ஆம் தேதி, தீவை கிரீஸோடு இணைக்க வேண்டும் என்று ஈயோகா என்ற கிரேக்க ஆயுதக் குழு போராட்டத்தைத் தொடங்கியது. துருக்கியர் தரப்பு தீவைப் பிரிக்கக் கேட்டது. அதற்கும் ஓர் ஆயுத அமைப்பு உருவானது. 1960 ஆகஸ்ட் 16-இல் தீவு, இரு சமூகமும் பங்குபோடும் ஒரு குடியரசாக விடுதலை பெற்றது. அந்தக் குடியரசு மூன்றரை ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1963 டிசம்பரில் ரத்தம் ஓடியது. 1974 ஜூலை 15-இல் ஏதென்ஸின் ராணுவ ஆட்சியாளர்கள் தீவில் கவிழ்ப்பு நடத்தினார்கள். ஐந்தாம் நாள், ஜூலை 20 விடியலில், துருக்கியப் படை கரையிறங்கியது. தீவு இன்றுவரை இரண்டாகக் கிடக்கிறது.

இனி பத்திரிகைகளுக்கு வருகிறேன்.

துருக்கியில் மாகாணப் பத்திரிகை அரசாங்கத்தின் பிள்ளையாகத்தான் பிறந்தது. 1864-இல் ஒட்டோமான் அரசு மாகாணச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாகாணத் தலைநகரிலும் ஓர் அச்சகம், ஓர் அரசு ஏடு என்று ஏற்பாடாயிற்று. எர்சுரூமில் 1867-இல் அப்படி ஒன்று வந்தது. ஆனால் இந்தப் பத்திரிகைகள் தங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்தப் பிறப்பை அல்ல. முதல் உலகப் போர் முடிந்து அந்நியப் படைகள் நாட்டுக்குள் நுழைந்தபோது, துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் சிற்றூர்களில் எதிர்ப்புப் பத்திரிகைகள் முளைத்தன. சிவாஸில் இராதே-இ மில்லியே, எர்சுரூமில் அல்பைராக், கஸ்தமோனுவில் ஆச்சிக்சோஸ். அதானாவில் 1918 டிசம்பர் 25-இல் தொடங்கிய யெனி அதானா, பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்திருந்த காலத்தில் மலைப்பக்கம் போஸாந்திக்கு நகர்ந்து, ஒரு ரயில் பெட்டிக்குள் அச்சானது. ரயில் பெட்டியில் அச்சுக் கோத்தவர்களின் வாரிசுகள் நாங்கள் என்ற பெருமிதம் பின்வந்த தலைமுறைக்கு இருந்தது. இருக்க வேண்டிய பெருமிதம்தான். ஆனால் அந்நியப் படைகளை எதிர்த்த அந்தச் சுதந்திரப் போரின் முக்கிய எதிரி கிரேக்கப் படை. அந்த நினைவு தயாரான வார்ப்பாகக் காத்திருந்தது. 1955-இல் சைப்ரஸ் செய்தி வந்ததும் நேராக அந்த வார்ப்பில் ஊற்றப்பட்டது.

ஓர் ஊர்ப் பத்திரிகை எப்படி நடந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் நான்கு பக்கம். கையால் எழுத்துக் கோப்பார்கள். உரிமையாளர், ஆசிரியர், நிருபர், பிழைதிருத்துபவர் எல்லாம் ஒரே ஆள் அல்லது ஒரே குடும்பம். தீவுக்கு நிருபரை அனுப்பக் காசில்லை. வெளிநாட்டுச் செய்திக்கு இரண்டே வாசல்: 1920 ஏப்ரலில் சுதந்திரப் போருக்காகவே தொடங்கப்பட்ட அனடோலு செய்தி நிறுவனம், அடுத்து அங்காரா வானொலி. இரண்டும் அரசின் குரல். இஸ்தான்புல் நாளிதழ்கள் ரயிலேறி வந்து சேர்வதற்குள் செய்தி ஆறிவிடும். அதிலிருந்து வெட்டி எடுத்தாலும் அது இஸ்தான்புல் கண்ணில் பட்ட சைப்ரஸ்தான்.

வருமானத்தையும் சொல்லியாக வேண்டும். ஊர்ப் பத்திரிகை விற்பனையில் வாழ்வதில்லை, அரசு விளம்பரத்தில் வாழ்கிறது. டெண்டர் அறிவிப்பு, நீதிமன்ற ஏல அறிவிப்பு, நில அறிவிப்பு. 1950-களில் இந்த விளம்பரங்களை ஆளுங்கட்சி வேண்டியவருக்குக் கொடுத்து வேண்டாதவருக்கு நிறுத்தியது. தீனி போட்டு வளர்த்த பத்திரிகை என்ற வசைச்சொல்லே துருக்கி மொழியில் அப்போது புழங்கியது. 1961 ஜனவரியில் ஒரு சட்டம் வந்து, விளம்பரத்தைப் பங்கிடத் தனி நிறுவனம் ஏற்பட்டது. அதன் கிளை இல்லாத மாகாணங்களில் பங்கிடும் வேலை ஆளுநர் அலுவலகத்தின் கையில். மாதக் கடைசியில் அச்சுக்கோப்பவருக்குக் கூலி கொடுக்க ஆளுநர் அலுவலகத்து அறிவிப்பை எதிர்பார்த்திருக்கும் ஒருவர், அதே அரசு அனுப்பும் சைப்ரஸ் செய்தியில் கேள்விக்குறி போடுவாரா? நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்று இந்த மேடையில் நின்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

தீவுச் செய்தி ஆயத்தமாக மேலிருந்து வந்துவிடுகிறது. பத்திரிகை தானே திரட்டக்கூடியது ஊர்ச் செய்தி மட்டும். எனவே அது தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தது: சைப்ரஸை ஊர்ச் செய்தியாக மாற்றியது. 1958 கோடையில் துருக்கியின் நகரம் நகரமாகப் பிரிவினை கேட்டுக் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. "பிரிவினை, இல்லையேல் மரணம்" என்பது அன்றைய முழக்கம். கூட்டத்தில் யார் யார் பேசினார்கள், எந்தப் பள்ளி மாணவர்கள் அணிவகுத்தார்கள், எத்தனை தந்தி அனுப்பினார்கள் என்பதெல்லாம் ஊர் ஏட்டுக்குரிய செய்தி. தீவில் போரிடப் பெயர் கொடுத்த தொண்டர்கள் உண்டு, அதுவும் செய்தி. 1964-இல் துருக்கி தீவில் படையிறக்க நினைத்தபோது அமெரிக்க அதிபர் ஜான்சனின் கடிதம் அதைத் தடுத்தது. கையில் போதிய தரையிறங்கு கப்பல்களும் இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது. மறு ஆண்டு கடற்படைக்காக ஒரு சங்கம் தொடங்கி, "உன் கப்பலை நீயே கட்டு" என்று மக்களிடம் நிதி திரட்டினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் நன்கொடைப் பட்டியல் ஊர் ஏட்டுக்குக் கிடைத்த வரம். தன் பெயரை அச்சில் பார்க்க விரும்பாத மளிகைக் கடைக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார்?

இதனால் வாசகர் சைப்ரஸைப் பற்றி நாள்தோறும் படித்தார். அவர் படித்தது சைப்ரஸைப் பற்றித் தன் ஊர் என்ன உணர்ந்தது என்பதை. லெஃப்கோஷாவில், அதாவது நிக்கோசியாவில், இருவேறு சமூகத்தாரும் சேர்ந்து குடியிருந்த தெருவில் என்ன விலைக்கு ரொட்டி விற்றது, யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார், எந்தக் கிரேக்கர் எந்தத் துருக்கியரைத் தன் வீட்டில் மறைத்து வைத்தார் என்பதற்கெல்லாம் அந்த நான்கு பக்கத்தில் இடம் கிடைக்க வழியில்லை.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தாயக மக்களுக்கும் தீவின் துருக்கியருக்கும் உள்ள உறவைச் சொல்ல 'சொய்தாஷ்' என்ற சொல் பயன்பட்டது. ஒரே குலத்தில் பிறந்தவர் என்று பொருள். துருக்கி 'அனவதன்', தாய்நிலம். சைப்ரஸ் 'யவ்ரு வதன்', குட்டிநிலம். பறவைக்குஞ்சுக்கும் 'யவ்ரு' என்றுதான் சொல்வார்கள். குஞ்சு கத்துகிறது என்று எழுதிவிட்டால் தாய் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தனியே எழுத வேண்டியதில்லை. வாதத்தைச் சொல்லே நடத்தி முடித்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட அதிகச் சேதம் செய்த சொல் 'ரூம்'. ரோம் என்பதிலிருந்து வந்தது. கிழக்கு ரோமப் பேரரசின் வழிவந்தவர்கள் என்று ஒட்டோமான்கள் தங்கள் கிரேக்கக் குடிகளை அழைத்த பெயர். கிரீஸ் நாட்டைச் சொல்ல வேறு சொல் உண்டு: யுனான். நம் சங்கப் பாடல்களின் யவனரும் இந்த யுனானும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். துருக்கி மொழியில் யுனானும் ரூமும் வேறு வேறு. ஆனால் இஸ்தான்புல்லில் பரம்பரையாகத் தையல் கடை வைத்திருந்தவரும் ரூம், நிக்கோசியாவில் துப்பாக்கி ஏந்தியவரும் ரூம். ரூம்கள் சுட்டார்கள் என்று தலைப்புப் போட்டால் அது எந்த ரூம் என்று பிரித்துச் சொல்ல அந்தச் சொல்லில் இடமில்லை.

அதன் விலையை முதலில் கொடுத்தது இஸ்தான்புல். 1955 செப்டம்பர் 6. கிரீஸின் தெஸலோனிகியில் துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் பிறந்த வீட்டை ஒட்டிய துருக்கியத் துணைத் தூதரக வளாகத்தில் ஒரு குண்டு வெடித்தது. வீட்டுக்குப் பெரிய சேதமில்லை, கண்ணாடிகள் உடைந்தன. பிற்பகலில் இஸ்தான்புல் எக்ஸ்பிரஸ் என்ற மாலை ஏடு, வழக்கமாக இருபதாயிரம் படி அச்சிடுவது, இரண்டாம் பதிப்பாக லட்சக்கணக்கில் அச்சடித்துத் தெருவில் இறக்கியது. வீடு குண்டால் நாசமாயிற்று என்ற தொனியில் தலைப்பு. அன்று இரவு பெயோலு பகுதியில் ரூம்களின் கடைகள், வீடுகள், தேவாலயங்கள், கல்லறைகள்கூடத் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான கடைகள் சூறையாடப்பட்டன. இஸ்மிரிலும் தீ பரவியது. பின்னால் 1960 ராணுவப் புரட்சிக்குப் பிறகு நடந்த யஸ்ஸியாடா வழக்குகளில், அன்றைய ஆட்சியாளர்கள் மேல் இதற்கும் குற்றம் சுமத்தப்பட்டது. 1964-இல் மறுபடி, இந்த முறை கும்பலுக்குப் பதில் அரசாணை. இஸ்தான்புல்லில் வாழ்ந்த கிரீஸ் குடியுரிமைக்காரர் சுமார் 12,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஒருவருக்கு 20 கிலோ சாமான், 200 லிரா. அவ்வளவுதான் எடுத்துப் போகலாம். மணவுறவால் அவர்களோடு கட்டுண்ட துருக்கியக் குடியுரிமை ரூம்களும் பின்னோடு போனார்கள்.

மாகாணங்களின் நிலை வேறு. 1923-இன் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அனடோலியாவிலிருந்து கிரீஸுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அங்கிருந்து முஸ்லிம்கள் இங்கே வந்தார்கள். 1960-களில் கோன்யாவிலோ சிவாஸிலோ முப்பது வயதான ஒருவர் தன் வாழ்நாளில் ஒரு ரூமைப் பார்த்திருக்க வாய்ப்பே குறைவு. அவருக்கு ரூம் என்பது பத்திரிகையில் மட்டும் வசிக்கும் ஆள். பழைய தேவாலயக் கட்டடம் கிடங்காக நின்றது, ஆள் இல்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தால், "நம்ம தையல்காரர் அப்படியில்லையே" என்று படிப்பவர் மனத்துக்குள் ஒரு தடை எழும். அந்தத் தடை அனடோலியாவில் எழ வழியில்லாமல் போயிற்று. ஊர் ஏட்டின் மேல் கூடுதல் பொறுப்பு விழுந்தது இங்கேதான்.

தென்கரையை மட்டும் விலக்காகச் சொல்ல வேண்டும். 1878-க்குப் பிறகும் 1923-க்குப் பிறகும் தீவிலிருந்து குடிபெயர்ந்து வந்த துருக்கியக் குடும்பங்கள் மெர்சின், அந்தால்யா பக்கம் இருந்தன. கிரீட் தீவிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும் அங்கே குடியேறியிருந்தார்கள். அவர்களில் மூத்தவர்கள் வீட்டில் பேசியது கிரேக்க மொழி. கிரீட் 1913-இல் கிரீஸோடு இணைந்தது; அங்கிருந்த முஸ்லிம்கள் ஊரை இழந்தார்கள். சைப்ரஸ் இன்னொரு கிரீட் ஆகிவிடக் கூடாது என்று துருக்கியப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதியபோது, மெர்சினில் அதைப் படித்த ஒரு பாட்டிக்கு அது வெறும் உவமையாக இருந்திருக்காது. அந்தப் பயம் நியாயமானது. அதை யாரும் மறுக்க வேண்டாம்.

1963 டிசம்பர் 24. நிக்கோசியாவின் கும்சல் பகுதி. ஒரு துருக்கிய ராணுவ மருத்துவரின் மனைவியும் மூன்று சிறு பிள்ளைகளும் வீட்டுக் குளியல் தொட்டிக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படம் துருக்கி முழுதும் பரவியது. அதைப் போல ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்த செய்திப்படம் துருக்கியில் வேறில்லை என்பேன். படம் பொய்யில்லை, சாவும் பொய்யில்லை. அச்சிட்டது தவறென்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குளிர்காலத்தில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் சுமார் 25,000 துருக்கியச் சைப்ரஸ்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து வெளியேறினார்கள். 1964-இல் ஐ.நா. பொதுச்செயலர் பாதுகாப்புச் சபைக்குக் கொடுத்த அறிக்கையில் வீடுவாரியாகக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கே துருக்கியர் பக்கத்து இழப்பின் பருமனைக் காட்டப் போதுமானது.   உண்மைக் கணக்கு கையில் இருக்கும்போது அதற்குமேல் ஒரு வண்ணமும் பூச வேண்டியதில்லை. படத்தைப் போட்ட பத்திரிகை, பக்கத்தில் அந்தக் கணக்கையும், மறுபக்கத்தில் விழுந்த பிணங்களின் கணக்கையும் போட்டிருந்தால் அந்தத் தாயின் சாவு சிறுத்துப் போயிருக்காது.

1964 ஆகஸ்ட் 8-இல் தீவின்மேல் பறந்த துருக்கியப் போர்விமானி ஜெங்கிஸ் தோபெல் சுட்டு வீழ்த்தப்பட்டு, உயிரோடு பிடிபட்டு, பிடித்தவர்களின் காவலிலேயே இறந்தார். இஸ்மித் ஊர்க்காரர், முப்பது வயது நிரம்பவில்லை. இன்று துருக்கியின் எத்தனையோ ஊர்களில் அவர் பெயரில் தெரு இருக்கிறது, பள்ளி இருக்கிறது. தீவு ஊருக்குள் வந்து தெருப்பெயராகக் குடியேறிவிட்டது.

1974-க்கு வருகிறேன். ஜூலை 20 அதிகாலை, பிரதமர் எஜெவித் வானொலியில் பேசினார். அவரே பத்திரிகையாளர், கவிஞர். போருக்காக அல்ல, அமைதிக்காகப் போகிறோம், துருக்கியருக்கு மட்டுமல்ல ரூம்களுக்கும் அமைதி கொண்டுபோகிறோம் என்றார். அன்று முதல் அதன் பெயர் 'அமைதி நடவடிக்கை'. துருக்கிப் பத்திரிகைகளில் இன்றும் அதே பெயர்தான். ஊர்கள் இருட்டடிப்புச் செய்யப்பட்டன. கார் விளக்குகளுக்கு நீல வண்ணம் அடித்தார்கள். படைக்கப்பல்கள் மெர்சினிலிருந்து புறப்பட்டன. இருபது ஆண்டில் முதல்முறையாக, தென்கரை ஊர்ப் பத்திரிகைக்காரருக்குத் தலைநகரைவிட அருகில் செய்தி கிடைத்தது: துறைமுகம், காயம்பட்டு வந்தவர்கள், வாசலில் காத்திருக்கும் தாய்மார்கள்.

மறுநாள் ஜூலை 21, துருக்கி விமானங்கள் துருக்கியின் சொந்தப் போர்க்கப்பல்களையே கிரேக்கக் கப்பல் என்று நினைத்துத் தாக்கின. கொஜாதெபே என்ற கப்பல் மூழ்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களில் சிலரை ஓர் இஸ்ரேலியக் கப்பல் மீட்டது. முதலில் வந்த அறிவிப்போ கிரேக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொன்னது. அறிவிப்பை நம்பி வெற்றித் தலைப்புப் போட்ட எவரும் தன் ஊர் மாலுமியின் சாவை வெற்றியென்று அச்சிட்டவராகிறார். மேலிருந்து வரும் ஒற்றைக் குரலை நம்பி எழுதுவதன் ஆபத்துக்கு இதைவிடக் கொடிய சான்றை நான் அறியேன். எதிரியை அது ஏமாற்றவில்லை. மகனைக் கடலுக்கு அனுப்பிய சொந்த வாசகரை ஏமாற்றியது.

இதையெல்லாம் சொன்னால், சின்னப் பத்திரிகையால் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். செய்தவர்கள் இருந்தார்கள், அதுவும் தீவிலேயே. 1960-இல் தீவு விடுதலை பெற்ற ஆகஸ்ட் மாதத்திலேயே, நிக்கோசியாவில் அய்ஹான் ஹிக்மெத், அஹ்மெத் குர்கான் என்ற இரு துருக்கிய வழக்கறிஞர்கள் ஜும்ஹுரியெத் என்ற சிறு ஏட்டை நடத்தத் தொடங்கினார்கள். குடியரசு என்று பொருள். இரு சமூகமும் சேர்ந்து வாழ முடியும் என்று துருக்கி மொழியில், துருக்கிய வாசகருக்கு எழுதினார்கள். தங்கள் சமூகத்தின் தலைமையையும் ஆயுத அமைப்பையும் பெயர் சொல்லிக் கேட்டார்கள். 1962 மார்ச்சில் நிக்கோசியாவில் இரண்டு பள்ளிவாசல்களில் குண்டு வெடித்தது. யார் வைத்தது என்று துருவி எழுதினார்கள். ஏப்ரல் 23-ஆம் தேதி இரவு இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏடு நின்றது.

சைப்ரஸ் பற்றிய செய்திப் பணியில் என் மனம் முதலில் வணங்குவது இவர்களைத்தான். ரயில் பெட்டியில் அச்சடித்தவர்கள் அந்நியப் படைக்கு அஞ்சவில்லை. இவர்கள் சொந்தக் கூட்டத்துக்கு அஞ்சவில்லை. பின்னது கடினம் என்று ஊர்ப் பத்திரிகையில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும், ஏனென்றால் ஊர்ப் பத்திரிகைக்காரர் மறுநாள் காலையும் அதே தேநீர்க் கடைக்குத்தான் போக வேண்டும்.

இன்று இந்த அவையில் இதழியல் படிக்கும் பிள்ளைகள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தொலைதூரத்து இனச் சண்டையைப் பற்றி எழுதும் நாள் உங்களுக்கும் வரும். அன்று இறந்தவர்களை எண்ணும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே பட்டியலில் எண்ணுங்கள். சைப்ரஸில் அதை இப்போது செய்கிறார்கள். 1963-64 கலவரத்திலும் 1974 போரிலும் காணாமல் போனவர்களின் பட்டியலில் 2,002 பேர் இருக்கிறார்கள். 1,510 கிரேக்கச் சைப்ரஸ்காரர், 492 துருக்கியச் சைப்ரஸ்காரர். இரு சமூகத்து இளைஞர்களும் சேர்ந்து குழி தோண்டுகிறார்கள். கிடைக்கும் எலும்புகளை, நிக்கோசியாவின் பழைய விமான நிலையப் பகுதியில் ஐ.நா. காவலில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, மேசைமேல் ஒவ்வோர் ஆளாக அடுக்குகிறார்கள். இதுவரை ஏறத்தாழப் பாதிப் பேரைத்தான் அடையாளம் காண முடிந்திருக்கிறது. மற்றவர்களின் வீடுகளில் இன்னும் காத்திருக்கிறார்கள்.